தொண்ணூறு டிகிரி

எலும்பை அறுத்து எறியவில்லை என்றார் டாக்டர்.
தேய்ந்த தலையைச் சீவி
மேலே ஓர் உலோக மூடி, அவ்வளவுதான்.
"பல்லுக்கு கேப் போடற மாதிரி மேடம்.
நாற்பத்தாறுதான் வயசு, ஓடறவங்க வேற."
பல் என்று அவர் சொன்னதும்
என் வலது தொடைக்கு மேலே
ஏதோ வாயைத் திறந்து மூடியது.

அதற்கு முன் மூன்று ஜோடி ஷூ மாற்றியிருந்தேன்.
வலி ஷூவில்தான் இருக்கிறது என்று
இரண்டு வருடம் எல்லோரிடமும் சொன்னேன்,
கடைக்காரரிடமும்.

பிறகு சட்டங்கள் வந்தன.
தொண்ணூறு டிகிரிக்கு மேல் குனியக்கூடாது.
கால்மேல் கால் கூடாது. சப்பணம் கூடாது.
குந்தவே கூடாது.
கைதவறிய ரிமோட், கொத்தமல்லிக் கட்டு,
ஒற்றைத் தோடு
எல்லாம் வேறு தேசத்தில் விழுந்தன.
எதிர்வீட்டுச் சொல்தா பென்ஷன் வாங்கப் போகும்
அதே கம்பீரத்தோடு
நான் பாத்ரூமுக்குப் போய்வந்தேன்.

இரவில் என் இரண்டு கால்களுக்கும் நடுவே
ஒரு தலையணை.
எங்கள் இருவருக்கும் நடுவே
அதே தலையணை.
கலிவரதன் அதற்கு 'மூணாவது ஆள்' என்று பேர் வைத்தான்.
மே மாதக் குருசுக்குப்பத்தில், மின்சாரமும் இல்லாமல்,
தொடைவரை இறுக்கும் வெள்ளைக் காலுறையை
மூச்சைப் பிடித்து மாட்டிவிடுவான்.
அவன் குனியலாம்,
எத்தனை டிகிரி வேண்டுமானாலும்.
சில நாள் அந்த உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே
அவனை வெறுத்தேன்.

வலது இடுப்புக்கு இடது கையில் தடி.
"எதிர்க்கட்சிதான் தாங்கும்" என்றாள் பிலோமினா,
என் முட்டியைப் பிடித்து, எண்ணிக்கொண்டே.
அவள் பத்து எண்ணினால் பதினான்கு வரும்.

ஜூலையில் கடற்கரைச் சாலை.
வண்டிகளை விடுவதற்கு முந்திய வெளிச்சம்.
ஆறுமுறை போய்த் திரும்பிய சாலையில் இப்போது
பழைய கலங்கரை விளக்கம் வரை பதினெட்டு நிமிடம்.
கூட ஓடியவர்கள்
"எப்ப வர்றீங்க?" என்று கேட்டபடி கடக்கிறார்கள்.
பதில் சொல்வதற்குள் முதுகாகிவிடுகிறார்கள்.

வேலைக்குத் திரும்பிய நாள்
அலுவலக வாசலில் மெட்டல் டிடெக்டர் கத்தியது.
"இடுப்புல என்ன?"
அட்டையைக் காட்டினேன்.
படித்துவிட்டு, "எங்க அண்ணிக்கும் இப்படித்தான்" என்று
தொடங்கினாள் காவலர்.
அண்ணியின் கதை முடிவதற்குள்
பின்னால் வரிசை தெருவைத் தொட்டது.

ஐப்பசியில் ஒரு காலை
டூப்ளே சிலை அருகே கடல் கறுத்து வந்தது.
யாரோ "வந்துடுச்சு!" என்று கத்த
சாலை மொத்தமும் ஓடியது:
தொப்பைக்காரர்கள், யோகா பாய்கள், தேநீர் விற்பவர்,
அவர் கேனை நம்பி வாழும் நாய்,
சிவப்புத் தொப்பி போலீஸ்காரர்.
ஓடக்கூடாத ஒரே ஆள்
நடந்தேன்.
மழை கழுத்து வழியாக இறங்கி
தழும்பு இருக்கும் இடத்தில்
சற்று யோசித்துவிட்டுப் போனது.
காந்தி சிலையடியில் ஒதுங்கிய கூட்டத்தில்
"பாவம், கால் முடியல" என்று ஒரு குரல்.
வீட்டுத் திருப்பத்தில்தான் கவனித்தேன்.
தடியை
விரிக்க மறந்த குடைபோல
கக்கத்தில் இடுக்கியிருந்தேன்.
எங்கிருந்து என்று தெரியவில்லை.

கலிவரதன் பால் வாங்கப் போயிருந்தான்.
நனைந்த சாக்ஸ் தோலாக ஒட்டியிருந்தது.
குனியலாம் என்று டாக்டர் சொல்லி
மூன்று வாரம். நான்தான் குனியவில்லை.
கட்டை வைத்து உயர்த்திய நாற்காலியில் உட்கார்ந்து
போனேன், கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
தொண்ணூறு எங்கே முடிந்தது என்று தெரியவில்லை.
கோரிமேட்டில் புதுச்சேரி முடிவதுபோல,
பலகை வைக்காவிட்டால் யாருக்குத் தெரியும்.

சாக்ஸ் வந்துவிட்டது கையோடு.
கட்டைவிரல் நகம்
வளர்ந்து, வளைந்து, ஓரம் கறுத்திருந்தது.
தினமும் இந்தக் காலைக் கையில் ஏந்தியவன்
ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நகவெட்டி
அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கிறது.